கழுத்து வளைந்தவை

அம்காராவில் நடுப்பகல் வேலைக்குத் தடை இருக்கும் மாதம்.
இரவு எட்டுக்கும் தகரக் கொட்டகையில்
கை வைத்தால் சுடுகிறது.
ஏலத்தில் வந்த மரப்பெட்டி, லாட் நாற்பத்தொன்று:
கூடாரக் கம்பி, ஓட்டைத் தண்ணீர்ப் பை,
ஜோடியில்லாத பூட்ஸ் பதினேழு,
அடியில்
பச்சை என்றும் பழுப்பு என்றும் சொல்ல முடியாத நிறத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டு டார்ச்.

பிரித்துப் பார்க்காமல் எனக்கு விலை எழுத வராது.
ஒன்றைத் திருகினேன்.
தடித்த பேட்டரி இரண்டு கொள்ளும் உடம்பு;
தலை மட்டும் செங்கோணமாய் மடங்கி
நேரே முறைக்கிறது.
முதுகிலே கொக்கி. மார்பு வாரில் மாட்டிவிட்டால்
இரண்டு கையும் மிச்சம்.
எதற்கு மிச்சம் என்று
பெட்டியில் எழுதவில்லை.

"இதற்கு முந்தினது பித்தளை" என்றார் குல்சார் பாய்.
"பெஷாவரில் எடைக்குத்தான் போட்டோம்."
தோட்டாவுக்குப் பித்தளை போதாமல்
பிளாஸ்டிக்கில் வார்த்தார்களாம்.
மழையில் அணைந்திருக்கும், கழுத்துக்கு ரப்பர் வளையம் வந்தது.
நடு இரவில் பல்பு போயிருக்கும்,
வால் மூடிக்குள் இன்னொரு பல்பு படுத்திருக்கிறது.
லாரியில் உரசித் தானாய் எரிந்திருக்கும்,
பொத்தானுக்கு இரு பக்கமும் காது முளைத்தது.
ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால்
எவனோ ஒருவன் செத்திருப்பான் என்று தோன்றியது.
தோன்றியும்
வியந்துகொண்டுதான் இருந்தேன். நல்ல வேலைப்பாடு.

அடியறையில் வில்லைகள்: நீலம், பால்வெள்ளை, சிவப்பு.
சிவப்பைப் போட்டால்
கண் இருட்டை மறக்காதாம்.

லெம்பேட் மன்னார்க்காரர். அவர் வாயில் இது ரோச்.
சோதித்துத் தாருங்கள் என்றேன்.
கையில் எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"ரோச் அடிக்கிறவனுக்கு முகம் இராது, தம்பி.
முன்னால நிக்கிறவனுக்கு மட்டும்தான் முகம்."
பிறகு
பெட்டியின் தகரப் பட்டையை நெம்பத் தொடங்கினார்.

ஒன்பதரைக்கு ஜெனரேட்டர் இருமி நின்றது.
பட்டை விடுபட்டுத் தெறிக்கும் சத்தம்.
"கை" என்றார், அவ்வளவுதான்.
பேட்டரி போட்டிருந்த ஒன்றைச் சட்டையில் கொக்கி மாட்டி
ஓடினேன். சிவப்பு வில்லை.
விரித்த கை சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது,
காயம் எங்கும் இல்லை.
ரத்தம் வெளிச்சத்தின் நிறத்துக்குள் போய்
ஒளிந்துகொண்டது.
வெறும் ஈரம். ஆகஸ்டில் எல்லார் கையிலும் இருக்கும் ஈரம்.

"வெள்ளையைப் போடும்."

சிவப்பைக் கழற்றினேன்.
என் மார்பிலிருந்து நேராக
அவர் முகத்தில் விழுந்தது.
கண்ணை மூடிக்கொண்டு
இரண்டு கையையும் தூக்கினார், தோள் உயரத்துக்கு,
வெட்டுப்பட்டதையும் சேர்த்து.
முழங்கை வரை வழிந்தது. இப்போது சிவப்பாக.

தலையைத் திருப்பப் பார்த்தேன். திரும்பாது.
வளைத்தவன் ஒரே பக்கம் வளைத்து
இறுக்கிவிட்டான்.
வெளிச்சம் விலக வேண்டுமென்றால்
மாட்டியிருப்பவன்தான் விலக வேண்டும்.
இது எனக்கு விளங்க எவ்வளவு நேரமானது,
அவர் எவ்வளவு நேரம் அப்படி நின்றார்,
தெரியவில்லை.
முதுகு காட்டி நின்றுகொண்டு
பஞ்சைப் பின்புறமாய் நீட்டினேன்.

கரண்டு வந்தது. குல்சார் பாய் கட்டுப் போட்டார்.
போய்ப் படுங்கள் என்றால் கேட்கவில்லை லெம்பேட்.
ஒரே ஜோடி பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டு
விடிவதற்குள் அத்தனையும் சோதித்தார்.
ஒவ்வொன்றையும்
கட்டுப் போட்ட உள்ளங்கையில் வாய் பொத்தி வைத்து,
துணி வெளுத்தால் ஒரு தலையசைப்பு,
அடுத்தது.
ஒரு துளி வெளிச்சம் வெளியே சிந்தவில்லை.

எரிவது நூற்றெண்பத்தாறு.
எரியாதது இருபத்தாறு.
ஒன்று முக்கால் தினார். குளிர் வந்தால்
பாலையில் கூடாரம் போடும் பையன்கள் வாங்குவார்கள்.
குறிப்பு: ஒன்றில் சிவப்பு வில்லை காணவில்லை.

எழுதும்போது அது
என் சட்டைப் பையில் இருந்தது.