வரலாம்

விடிகாலை ஐந்து மணிக்கு
நெப்ராஸ்காவில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை.
நான் பார்க்கிறேன்; அதற்குத்தான் சம்பளம்.

கொட்டகைக் கதவைத் தள்ளினால்
வாடை முதலில் என் தொப்பியை விசாரிக்கிறது,
பிறகு என்னை.
கையில் பலூன்.
சீறும் குழாயில் வயிறு நிரப்பிக்கொண்டு
புறப்பட அவசரப்படுகிறது.
நூலின் நுனியில் தேநீர்க் கோப்பை அளவில்
ஒரு வெள்ளைப் பெட்டி.
குளிர் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம்:
அதற்குத் தெரிந்த பேச்சு அவ்வளவே.

முந்தாநாள் இந்தப் புயல்
ஒரேகான் கரையில் மரங்களோடு மல்லுக்கு நின்றது.
மலையேறி, ஈரத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவைத்து
கிழக்குச் சரிவில் வெறுங்கையோடு வந்தது.
வெறுங்கைதானே என்று
இங்கே ஒருவரும் கதவைத் திறந்து வைப்பதில்லை.
தெற்கே வளைகுடாவின் வெதுவெதுப்பு
கேட்காமலே கடன் கொடுக்கும்.
வடக்கே கனடாவின் குளிர்
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்கும்.

நாளை மறுநாள் நன்றித் திருநாள்.
பாதி நாடு சாலையில் இருக்கிறது.

விட்டேன்.
பக்கவாட்டில் ஓடி, வேலியை உரசப்போய், தப்பி
மேகத்துக்குள் போய்விட்டது.
திரையில் எண்கள் வரத் தொடங்கின.
டெல்மர் காபியைக் கீழே வைத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவன் காபியைக் கீழே வைப்பதே அபூர்வம்.

எழுதினேன்:
மேற்கே பனிப்புயல்.
அயோவாவில் மூன்று மணிக்குமேல் உறைமழை.
அர்க்கன்சாஸில் இருட்டிய பின் சுழற்காற்று
வரலாம்.

வரலாம்.
எச்சரிக்கையும் அதுதான், அனுமதியும் அதுதான்.
வாசலில் நின்று யாரோ கேட்டதற்கு
நான் தலையாட்டியதுபோல.

வந்தது.
அர்க்கன்சாஸில் சங்கு ஊதி
நாற்பத்தொரு பேர் தேவாலய நிலவறைக்குள் இறங்கினார்கள்,
விருந்துக்குச் சமைத்த பாத்திரங்களோடு.
ஏறி வந்தபோது
கூரை இருந்த இடத்தில் நட்சத்திரங்கள்;
கிழங்கு மசியல் இன்னும் சூடாக இருந்தது.
சுப்பீரியர் ஏரியில்
இரும்புத்தாது ஏற்றிய கப்பலொன்று
தீபகற்பத்தின் முதுகுக்குப் பின்னால்
இரண்டு நாள் ஒளிந்து நின்றது.
மெயினை அடைந்தபோது அதற்கு வயதாகியிருந்தது.
கொஞ்சம் தூறிவிட்டுக் கடலுக்குப் போயிற்று.
அன்றே அடுத்த பலூனை விட்டோம்.
போன புயலை நினைத்துக்கொண்டிருக்க
எங்கள் கணினியில் இடமில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு பொட்டலம்.
உள்ளே என் வெள்ளைப் பெட்டி, ஓரம் நசுங்கி.
கூடவே, கோடுபோட்ட தாளில்
அயோவாவின் பால்பண்ணைக்காரி
ஆர்லிஸ் டெ ஸ்லா எழுதிய கடிதம்:

«இது எங்கள் தீவனக் குவியலில் விழுந்திருக்கிறது.
பனிக்கட்டி உருகிய பிறகே கண்ணில் பட்டது.
மூன்று மணி என்றீர்கள்.
ஒன்றே காலுக்கே தொடங்கிவிட்டது.
ஜெனரேட்டர் இரவல் வாங்கப் போன வேய்ன்
இரண்டு மணிக்குப் பாலத்தின்மேல் இருந்தான்.
கால் முறிந்தது. ஆள் நலம்.
மின்கம்பங்கள் தீக்குச்சிபோல ஒடிந்துகிடந்தன;
நானும் மகளும் எண்பது மாடுகளை
இரண்டு நாள் கையால் கறந்தோம்.
சண்டை போட எழுதவில்லை.
பெட்டியின்மேல் ‘ஆபத்தற்ற கருவி’ என்று
அச்சடித்திருக்கிறீர்கள்.
வேய்ன் அதை வாசித்துவிட்டுச் சிரித்தான்,
மாவுக்கட்டு வலிக்கும்வரை.
ஆரஞ்சுநிறப் பாராசூட்டைத் திருப்பித் தர முடியாது.
அதைக் கன்றுக்குக் கழுத்தில் கட்டிவிட்டாள் மகள்.
இப்போது பனியிலும்
அது எங்கே நிற்கிறது என்று தெரிகிறது.»

ஒன்றே முக்கால் மணி நேரம்.
டெல்மரிடம் காட்டினேன்.
இரண்டுமுறை வாசித்தான்.
«கருவியில் கோளாறு இல்லை» என்றான்.
எனக்குத் தெரியும்.

நாளைக்கும் ஐந்து மணி.
கையுறை காயவில்லை.
மேற்கே, கடலுக்குமேல்,
இன்னும் பெயரில்லாத ஒன்று
திரும்பிப் படுக்கிறது.