இரண்டாவதில் மழை இல்லை

'மழையக் காணோமே' என்றார் ஜெபசிங்
பிக்கப்பின் பின்சக்கரத்துக்குக் காற்றுப் பிடித்தபடி.

முதல் ஆல்பத்தைத்
தகரக் கொட்டகையில் பதிந்தோம்.
ஐப்பசி. மேலே மழை, கீழே நாங்கள்,
பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில்
இலை வாட்டும் விசிறி.
விசிறி ஓடிய ஸ்ருதிக்கே
கிட்டார்களை இறக்கிக் கட்டினோம்.
வேறு வழியில்லை. அது நிற்காது.

இந்த முறை சென்னை.
சுவரெல்லாம் பஞ்சு.
பேசினால் வார்த்தை உதட்டுக்கு அந்தப்பக்கம் போகாது.
ஏசி தாங்காமல் போஜன் ஸ்வெட்டர் மாட்டியதும்
இன்ஜினியர் சிரித்தார்,
'ஊட்டிக்காரனுக்கே குளிரா?'
கோத்தகிரி என்று திருத்தினோம்.
எழுபதாயிரம் ரூபாய்.
அதில் என் பங்கு
இரண்டு போகம் கேரட்.

கட்டபெட்டு பேக்கரியில் ஹம்சா
'நல்லா இருக்கு' என்றான்.
நேற்றைய வர்க்கியையும்
அவன் அப்படித்தான் சொல்வான்.

ஊட்டி பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண்.
முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் கழுத்து
ஃபாக் லைட் பேண்டின் பேஸ் கிட்டார் என்று தெரியாமல்
தோழியிடம் சொன்னாள்:
'முதல்ல பசியோட பாடினாங்கடி.
இப்ப சாப்பிட்டுட்டு வந்து பாடுறாங்க.'
என் ஸ்டாப் போய்விட்டது.
இன்னும் ஏதாவது சொல்வாளென்று
இரண்டு ஸ்டாப் கூடவே போனேன்.
ஹால் டிக்கெட்டைப் பற்றித்தான் பேசினாள்.

அக்கா: 'இப்ப வார்த்தையெல்லாம் புரியுது.
புரியாமலே இருந்திருக்கலாம்.'

போஜன் ஒவ்வொருவர் சொன்னதையும்
மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறான்.
டிரம்ஸ் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான்
அவன் உண்மையான புகார்.

பாடுகிறவள் ஃப்ளாரன்ஸ்.
அவள் எதையும் கேட்பதில்லை.
ஒருநாள் மட்டும், டீயில் வர்க்கியை நனைத்துக்கொண்டே:
'போன தடவை இதே ஜெபசிங்தான்
இரைச்சல்ல ஒரு எழவும் கேக்கல,
நல்ல இடமாப் பாத்துப் பண்ணுங்கப்பான்னார்.'
வர்க்கி உடைந்து டீக்குள் விழுந்தது.
ஸ்பூன் தேடினாள்.

ஜெபசிங்கிடம் கேட்டேன்.
'அப்படியா சொன்னேன்?'
நெடுநேரம் டயரையே பார்த்தார்.
அன்றைக்குக் காற்றுக்குக் காசு வாங்கவில்லை.

கூக்கல்தொரையில் கேரட் கழுவும் மெஷினில்
ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் யோகராசா,
முழங்கால்வரை மஞ்சள் பூட்ஸ்,
அதிகாலை மூன்று மணிக்குக் கத்திச் சொன்னார்:
'ஆறாவது பாட்டு!
மெஷினையும் மீறிக் கேக்குது!
பழசு பூரா இதுக்குள்ள மாட்டிக்கிடும்!'
அவர் கையில் இருந்த கேரட்டால்
ஆறு என்று காற்றில் போட்டும் காட்டினார்.

ஆறாவது,
வாடகை முடிய இருபது நிமிடம் மிச்சமிருக்கவே
சும்மா வாசித்துப் போட்ட பாட்டு.
அதற்குப் பேர் வைக்கவே
மூன்று பேருக்கும் சோம்பலாக இருந்தது.
அவரிடம் சொல்லவில்லை.
சந்தோஷமா என்று கேட்டால்
என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் இறங்கினேன்.
அரவேணு தாண்டியதும் மழை பிடித்தது.
எங்கள் மழையேதான்,
கேபின் தகரத்தில்.
ஆறாவதைப் போட்டேன்.
சேரவே இல்லை.
வைப்பர் போஜனைவிட
அரைத் தாளம் முந்தி ஓடியது,
மழை தன்பாட்டுக்கு வேறெங்கோ போனது.
வைப்பரை நிறுத்தினேன்.
கண்ணாடி கரைந்து ரோடு போயிற்று.
ஓரங்கட்டினேன்.

அப்போதுதான் கேட்டது:
இரண்டாம் நிமிடத்தில், பாடுவதற்கு முன்,
ஃப்ளாரன்ஸ் எச்சில் விழுங்குகிறாள்.
பஞ்சுச் சுவர் அதை வைத்திருக்கிறது.
முதல் ஆல்பத்தில் எத்தனை முறை விழுங்கினாளோ,
மழைக்குத்தான் தெரியும்.

பின்னால் கோயம்புத்தூர் பஸ்
நீளமாக ஹாரன் அடித்தது.
பாட்டு முடிய நாற்பது விநாடி இருந்தது.
கண்ணாடியை இறக்கி,
நனைந்த கையால்
முன்னே போகச் சொன்னேன்.