இரவல் முதுகு

புடாபெஸ்ட். டிராம் நிறுத்தத்தில்
ஆளுயரச் சுவரொட்டி.
தலை, நடிகையுடையது.
கழுத்துக்குக் கீழே
பிரோஷ்கா.

மூன்று நாள் படப்பிடிப்பு.
குளிரில் சிலிர்த்த தோளுக்கு
யாரோ ஹீட்டரைத் திருப்பி வைத்தார்கள்.
அவள் பங்குக்கு ஒரே வசனம்,
"திரும்பாதே."
அதையும் பேசியவர் இயக்குநர்.

இடுப்புக்கு மேல் ஒரு தழும்பு,
ஒன்பது வயதில்
செர்ரி மரத்திலிருந்து விழுந்தது.
கணினியில் துடைத்துவிட்டார்கள்,
மரத்தையும் சேர்த்து.

இரண்டு பையன்கள்
படத்தை விரலால் அளக்கிறார்கள்.
பக்கத்தில்
தடித்த கோட்டும்
உருளைக்கிழங்குப் பையுமாய் அவள்.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்,
மறைக்கிறது."

தள்ளி நின்றாள்.
டிராம் இன்னும் வரவில்லை.
கோட்டுக்குள் தழும்பு அரித்தது.
பையைக் கீழே வைத்துவிட்டு
கையை உள்ளே விட்டு
நடுத்தெருவில்
நன்றாகச் சொறிந்துகொண்டாள்.