மருந்து ஸ்டோர்

பகாவிலிருந்து ஏழு கட்டை உள்ளே,
செம்பனைக் காட்டின் நடுவே
பூட்டியே இருக்கும் ஸ்டோருக்கு நான்தான் கிராணி.
தணிக்கைக்கு வந்தவள் டென்மார்க்காரி, பிர்கிட்டே.
வெயிலில் காது சிவந்திருந்தது.

"என்ன வேலை செய்கிறார்கள்?"
"மருந்தடிக்கிறோம்" என்றாள் கனகாம்புஜம்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.
நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: மருந்து.
காய்ச்சலுக்குக் கொடுக்கிறோமே, அந்த மருந்து.
அவசரத்தில் அந்தச் சொல்தான் வந்தது.
அவள் பேனா படிவத்தின் மேல் நின்றுவிட்டது.
"யாருக்கு உடம்பு சரியில்லை?"

புல்லுக்கு என்று சொல்லியிருக்கலாம்.
பின்னால் கட்டிய கையைக் காட்டியிருக்கலாம்,
இரண்டு விரலில் நகமில்லை.
மேனேஜர் பக்கத்தில் நின்றார்.
நான் ஸ்டோர் கதவைத் திறந்துவிட்டேன்.

மூலையில் ஒரு பழைய டிரம்.
துருவுக்கு மேலே மண்டையோடு,
அதன் கீழே நான்கெழுத்து: கிஃப்ட்.
பத்து வருஷமாக
கம்பெனி சும்மா கொடுத்தது என்றே நினைத்திருந்தேன்.
பதிவேட்டிலும் அப்படித்தான்,
'இலவசம்' என்ற கட்டத்தில்.

பிர்கிட்டே சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
இது ஜெர்மன் டிரம். அவர்களுக்கு இது விஷம்.
முன்னால் ஓர் ஒட்டுப் போட்டால் சீதனம்.
டச்சுக்காரன் கடைசி எழுத்தை விட்டால் விஷம்,
விடாவிட்டால் நன்கொடை.
எங்கள் ஊரிலும் விஷம்தான்,
கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பதும்
இதே சொல்லில்தான், என்றாள்.
அவள் விரலில் மோதிரம் இல்லை, தடம் இருந்தது.
எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றாம்: கொடுப்பது.

அதை நான் தமிழில் சொன்னதும்
கனகாம்புஜம் கேட்டாள்:
"இதுல என்ன அதிசயம்?
என்னைத் தம்பினுக்குக் கொடுத்தாங்க.
அங்க என் நாத்தனா மருந்து குடிச்சா.
திரும்பி வந்தேன், இங்க மருந்து டாங்கியைக் கொடுத்தாங்க.
எல்லாம் கொடுத்ததுதானே,
நான் எதையாச்சும் கேட்டேனா?"

என்ன சொன்னாள், என்றது பிர்கிட்டேயின் கண்.
மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் ஆங்கிலத்தில் முதல் சொல்லைத் தேடுவதற்குள்
கனகாம்புஜம் கையை முன்னால் கொண்டுவந்து
படிவத்தின் மேலேயே வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம்
பதிவேட்டில் 'இலவசம்' என்பதை அடித்தேன்.
விஷம் என்று எழுதப்போய் நிறுத்தினேன்.
விடியற்காலை ஐந்தரைக்கு வரிசையில் நின்று
யாரும் விஷம் கொடு என்று கேட்பதில்லை.
மருந்து என்றே எழுதி,
பக்கத்தில் ஒரு மண்டையோடு வரைந்தேன்.
மூக்கு மட்டும் சரியாக வரவில்லை.