மூன்று துண்டு

செவ்வாய்க்கிழமை.
கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில்
பஸ் நகரவேயில்லை.
மெழுகுதிரி விற்கும் பொடியன் ஜன்னலுக்குள் கை நீட்டினான்.
என் மடியில் அரைக் கிலோ கோழித்தொடை,
எலும்பு எடுத்தது, தோல் எடுக்காதது.
தோலை உரிக்கப் போன கடைக்காரரிடம்
வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.
காசு தரமாட்டேன் என்று சொன்னதைப் போல
என்னைப் பார்த்தார்.

கொட்டாஞ்சேனையில் மூன்று மாடி ஏறிக்
கதவைத் திறக்க ஏழு இருபது.
கணக்குக் கொப்பியில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள் அனெட்.
"அம்மா, இண்டைக்குத்தானே அந்த ஜப்பான் கோழி?"
ஞாயிற்றுக்கிழமை வாய்தவறிச் சொன்னது.
எனக்கு மறந்துபோனது,
அவளிடம் பழுதாகாமல் இருந்தது.

மிரின் இல்லை. அதை எங்கே தேடுவது, இந்த நேரத்தில்.
சோயா சோஸ் இருந்தது, நத்தாருக்கு வாங்கியதில் மிச்சம்.
கித்துள் பாணி, அடியில் சீனி கட்டின போத்தல்.
வினாகிரி ஒரு மூடி.
இஞ்சி, உள்ளி, ஒரு கரண்டி தண்ணீர்.
கை தன்பாட்டில் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தது.
மூடினேன்.
மஞ்சளைத் திறந்தது.
அதையும் மூடினேன்.
இவ்வளவு வெறும் மேனியாய் ஒரு கோழியை
தாச்சியில் போட்டதில்லை நான்,
தோல் கீழே, இறைச்சி மேலே,
மழை தகரத்தில் விழுவதுபோல ஒரு சத்தம்.

பாணிக் கலவையை ஊற்றியதும்
முதலில் பெரிய பெரிய குமிழி.
பிறகு சின்னது.
பிறகு ஒவ்வொன்றும் உடைய யோசிக்கும்.
அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும்.

றெமீஜியஸ்.
இங்கே ஏழு ஐம்பது என்றால்
சிபாவில் பதினொன்று இருபது.
இரவு வேலைக்கு வெளிக்கிட்டுச்
சப்பாத்துக் கட்டுகிற நேரம்.
"என்ன அது, அப்பிடி மினுங்குது?"
"டெரியாக்கி!" என்றாள் அனெட், என்னை முந்தி.
திரையில் அவர் சிரிக்கவில்லை, கொஞ்ச நேரம்.
பிறகு சிரித்தார்.

"ஒரு பெட்டிக்கு மூண்டு துண்டு.
தோல் மேல பாக்கோணும்.
நாலாயிரம் பெட்டி ஒரு இரவைக்கு.
குளிச்சாலும் போகாது அந்த மணம்."

ஏழு மாதம்.
'சாப்பாட்டுக் கொம்பனி' என்று மட்டுமே சொல்லியிருந்தார்.
நான் நினைத்தது பிஸ்கட்டை.

"நீங்க என்ன சாப்பிட்டனீங்கள்?"
"பருப்பும் சோறும். கருவாடு முடிஞ்சுது."

அனெட் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.
"அப்பிடியில்லை பிள்ளை, சரிச்சு வை.
ஒண்டு மற்றதில சாயட்டும்.
ஆ... கொஞ்சம் இடப்பக்கம்.
ஆ, அதுதான்."
எங்கள் குசினியில் அவருடைய விரல்
கண்ணாடிக்குப் பின்னால் நின்று
எதையோ தொடாமல் தொட்டது.

தாச்சி கருகியது அப்போதுதான்.
அடுப்பை அணைக்க ஓடினேன்.
திரும்பி வந்தால் போன் மேசையில்
முகட்டைப் பார்த்தபடி கிடந்தது.
பஸ் வந்துவிட்டதாம்.

கீரிச் சம்பாச் சோறு, கோழி, வெள்ளரிக்காய்.
இரண்டு வாய் தின்றுவிட்டு அனெட் கேட்டாள்,
"கட்டைச் சம்பல் இருக்கா?"
இருந்தது.
நானும் போட்டுக்கொண்டேன்.
பாணிக்கும் உறைப்புக்கும் இடையில்
என்னவோ ஒன்று சரிவந்தது. அவருக்குச் சொல்லக்கூடாது.

எட்டரை.
அங்கே பட்டி ஓடத் தொடங்கியிருக்கும்,
முதல் பெட்டி அவர் முன்னால் வந்திருக்கும்.
தாச்சியில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டேன்.
மிஞ்சியது நாலு துண்டு.
மூன்றை அனெட்டின் பள்ளிக்கூடப் பெட்டியில் வைத்தேன்,
தோல் மேலே,
ஒன்றில் ஒன்று சாய.
நாலாவதை நின்றபடியே தின்றேன்,
விரலால்,
வெளிச்சத்தை அணைத்துவிட்டு.