பந்திக்குப் பிந்து

பத்தே முக்காலுக்கு டெம்போ வரும்,
சயானிலிருந்து தாராவிவரை
நைன்ட்டி ஃபீட் ரோட்டின் எல்லாக் குழியிலும் இறங்கி ஏறி.
இரண்டு டிரம்மில் சாதம். ஒன்றில் பருப்பு.
பிள்ளைகளுக்கு முன் நான் ருசி பார்க்க வேண்டும், அது விதி.
மேலாக ஒரு கரண்டி எடுத்து
ஊதி, விழுங்கி,
பதிவேட்டில் “நன்று, உப்பு சரி” என்று கையெழுத்து.
ஆறு வருடமாக அதே நன்று.

ஜூலையில் ஆய்வகத்திலிருந்து
மழைக்கோட்டோடு ஒரு பையன் வந்தான்.
அவனும் மேலாகத்தான் அள்ளினான்.
டப்பாவை ஒட்டி, தேதி எழுதி,
சொட்டச் சொட்டக் கொண்டுபோனான்.
பதினெட்டாம் நாள் தாள் வந்தது:
பன்னிரண்டு கிராம் புரதம் இருக்க வேண்டிய கட்டத்தில்
எட்டே முக்கால்.

சமைக்கிற குழுவிலிருந்து
உலகம்மாள் நேரிலேயே வந்துவிட்டார், கணக்கு நோட்டோடு.
“தலைக்கு இருபது கிராம் பருப்பு, டீச்சர்.
நிறுத்துத்தான் போட்டேன்.
வேணும்னா தராசையும் தூக்கிட்டு வாரேன்.”
நோட்டு பொய் சொல்லவில்லை.
தாளும் பொய் சொல்லவில்லை.
சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று
கரும்பலகையில் எழுதிப்போட்டவள்
நடுவில் நின்றேன்.

பிறகுதான் வரிசையைப் பார்த்தேன்.
நாலாம் வகுப்பு இசக்கிராஜ்,
எந்த மணி அடித்தாலும் முதலில் பாய்கிறவன்,
சாப்பாட்டு மணிக்கு மட்டும்
செருப்பு வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறான்.
ஜெபிஷாவுக்கு அப்போதுதான் ஒன்றுக்கு வரும்.
வாசலில் “நீ போ”, “இல்ல, நீ போ” என்று
கல்யாண வீட்டில்கூடக் காணாத மரியாதை.
என்னடா நாடகம் என்று அதட்டினேன்.
“கடைசில நின்னாத்தான் டீச்சர் பருப்பு.
முதல்ல நின்னா தண்ணி.”
எப்போதிலிருந்து தெரியும்?
“ரெண்டாங்கிளாஸ்லருந்தே.”

அப்படியானால் முன்னால் நிற்பது யார்?
ஒன்றாம் வகுப்பு. விவரம் தெரியாதது.
பாவம், சின்னக் கால், நிற்க முடியாது என்று
முதலில் விடச் சொன்னது
நான்தான்.

இப்போது சுடலைவடிவு
ஒவ்வொரு தட்டுக்கும் அடிவரை கரண்டியை விட்டுக் கிண்டுகிறாள்.
இருநூற்று எண்பத்தாறு தட்டு.
அறுபதாவதில் கை மாற்றுகிறாள்.
நூற்றைம்பதில் நான் வாங்கிக்கொள்கிறேன்.
இரவு இருவருக்கும் தோள் கடுக்கிறது.
கிண்டுவதைப் பற்றி
எந்தச் சுற்றறிக்கையிலும் ஒரு வரி இல்லை.

என் ருசிக் கரண்டியும் அடிக்குப் போனது.
நேற்று பல்லில் நறுக்கென்றது.
நன்று என்று தொடங்கிய கையை நிறுத்தி
“ஒரு கல்” என்று எழுதினேன்.
ஆறு வருடத்தில் நான் எழுதிய முதல் செய்தி.

இசக்கிராஜ் இன்னும் கடைசியில்தான் நிற்கிறான்.
இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு,
முன்னால் வாங்கிக்கொண்டு வரும் பொடிசுகளின் தட்டை
எட்டி எட்டிப் பார்த்தபடி.