இது காமியுடையது அல்ல

ரொசாரியோவில் ஜூலை. குளிர்.
பகலெல்லாம் நான் நாய்களுக்குச் சில்லு வைப்பவள்.
பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி
ஊசி வழியே ஓர் அரிசி.
பிறகு கருவியைக் காட்டினால் ஒரு பீப்,
பதினைந்து இலக்கம்,
அதன் மறுமுனையில் எங்கோ ஒரு வீடு.

இரவில் வேறு வேலை, சம்பளமில்லாதது.
செத்துப்போன விளையாட்டுப் பெட்டியொன்றைக்
கணினிக்குள் நடிக்கவைக்கும் கூட்டத்தில்
நானும் ஒருத்தி.
என் பங்குக்கு வந்தது பீடம்.
பொம்மையை வைத்தால் ஒளிரும் வட்டத் தட்டு;
வைத்த பொம்மை திரையில் எழுந்து நடக்கும்.
எங்கள் தெருவுக்கு அது வந்ததேயில்லை.
ஊருக்கு வந்த ஒன்றிரண்டும்
சுங்கம் தாண்டி வெளியே வருகையில்
ஒரு மாத வாடகை.
எட்டு வகைப் பொம்மை இருந்தால்தான்
எட்டுக் கதவும் திறக்குமென்று
கணக்குப் போட்டிருக்கிறார் யாரோ,
வாடகை கட்டியறியாத யாரோ.

விளையாட்டு ஓயாமல் கேட்கிறது:
இருக்கிறாயா? மேலே யார்? இருக்கிறாயா?
நொடிக்கு ஐம்பது தடவை,
புதிதாய்க் கல்யாணமானவனைப்போல.
இல்லாத தட்டின் குரலில்
முப்பத்திரண்டு பைட்டில் நான் சொல்லவேண்டும்:
இருக்கிறேன்,
மேலே ஒருவருமில்லை,
இருக்கிறேன்.

சோதிக்க ஒன்றாவது வேண்டுமே.
ஞாயிறு, ஆற்றங்கரைச் சந்தையில்,
கம்பியறுந்த கிட்டாருக்கும்
நசுங்கிய மாத்தே குழல்களுக்கும் அடியில் கிடந்தது
குடையை வாளாய்ப் பிடித்த ஓர் அழுங்கு.
வாலை நாய் மென்றிருந்தது.
சின்ன நாய்; பல் தடம் பார்த்தால் தெரியும் எனக்கு.
கடைக்கார எவரிஸ்தோ திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எந்தப் புனிதர் என்று தெரியவில்லை,
மழைக்கானவராக இருக்கும்" என்றார்.
பேரம் பேசாமல் வாங்கினேன்.

அடியில், பாதத்துக்குள்,
ஆயிரத்து இருபத்துநான்கு பைட்.
கோப்பாக இறக்கினேன்.
சித்தர்கள் ஆயுள் முழுக்கப் பயின்ற
கூடுவிட்டுக் கூடு பாய்தல்
நான்கு நொடியில் முடிந்தது.
திரையில் எழுந்து நின்றது அழுங்கு,
வால் முழுசாக.
பதினான்காம் நிலை. முந்நூற்றுப் பத்துப் பொன்.
பெயரிடச் சொன்ன இடத்தில்
ஒரு குழந்தை எழுத்தெழுத்தாய்த் தட்டியிருந்தது:
இது காமியுடையது அல்ல.

சிரித்ததில் மாத்தே மேசையில் சிந்திவிட்டது.
அக்காவோ, தங்கையோ, பக்கத்து வீட்டுப் பிசாசோ,
யாரடி நீ காமி?

படிப்பது சரி. எழுதுகிறதா பார்க்கவேண்டும்.
பொன்னில் ஒன்றைக் கூட்டு,
பொம்மைக்குள் சேமி, மறுபடி படி.
என் கணக்கு ஒரேயொரு கட்டம் தள்ளியிருந்தது.
பொன் போய் விழுந்த இடத்தில் பெயர் இருந்தது.
இப்போது அழுங்கின் தலைக்குமேல்
வெறும் வெளி.
வழக்கு தள்ளுபடி.
இனி அது காமியுடையதாகவும் இருக்கலாம்.

விடியற்காலை மூன்றரை.
யாருக்கும் தெரியப்போவதில்லை.
ஆனாலும் காதெல்லாம் சுட்டது,
அயல்வீட்டுச் சுவரில் கிறுக்கியிருந்ததை
சுத்தம் செய்கிறேன் பேர்வழியென்று
அழித்துவிட்டவளைப்போல.
நல்லவேளை, முதலில் இறக்கிய கோப்பு இருந்தது.
தப்பைத் திருத்தி, கட்டத்தை எண்ணி, இன்னொருமுறை எண்ணி,
அதைப் பார்த்து இதில் எழுதினேன்.
பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து
தன் பெயரையே எழுதிக்கொண்டது அசல்.

ட்ரோண்ட்ஹைமிலிருந்து தூர்பியோன் கேட்டான்:
எல்லாம் வேலை செய்கிறது,
ஆனால் பெயர்க்கட்டத்தில் ஏதோ வாக்கியம் இருக்கிறதே,
பிழையா?
இல்லை, சொத்துத் தகராறு என்று எழுதினேன்.
சேர்த்துக்கொண்டான்.
இனி எவர் வீட்டிலும்
தட்டு வேண்டாம், பொம்மை வேண்டாம்,
கதவு எட்டும் திறக்கும்.
மேசை விளிம்பிலிருந்து அழுங்கு தவறி விழுந்தது.
திரையிலிருந்தது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை, தூக்கக் கண்ணோடு,
பேருந்து நிலையத்தில் பிடித்துவந்த நாயொன்று.
தோள், கழுத்து, விலா என்று
கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.
பீப் இல்லை.
பேச்சோ? என்றேன். வாலாட்டியது.
லூலூ? வாலாட்டியது.
காமி? என்றேன், சும்மா.
அதற்கும்.